மரக்குச்சியும் பிரஷும்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்கு இன்றுதான் கை வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே. போட்டோவில் அம்மா ஏன் இப்படி இளைத்துவிட்டாள் என்று கேட்டிருந்தாய். அப்பா மகளுக்கு எழுதுகிற விஷயமா என்று கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் முழுக்கப் படி.

கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். உன் பெரியம்மாவைக் கொண்டுபோனது அந்த நோய்தான் என்பதால் நான் பிடிவாதமாக அம்மாவை அழைத்துப் போனேன். மரக்குச்சியால் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்தார்கள். எடுத்தது போதவில்லை, மறுபடி வரவேண்டும் என்றார்கள். "செத்தாலும் சரி, இன்னொரு தடவை அந்தக் கட்டில்ல படுக்க மாட்டேன்" என்று அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

பிறகு அதே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸம்மா வீடு தேடி வந்தார். எந்தக் கருவியில் சோதனைக்கான மாதிரி சரியாகக் கிடைக்கிறது, எது பெண்களுக்குச் சிரமமில்லை என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். மரக்குச்சியையும், வீட்டில் தானே எடுத்துக்கொள்ளும் மெல்லிய பிரஷையும் சாப்பாட்டு மேசையில் வைத்துக் காட்டினார். பிரஷில் எடுத்தால் அந்த நோயைக் கொண்டுவரும் வைரஸ் இருக்கிறதா என்பது மட்டும் தெரியும், இருந்தால் டாக்டர் பார்த்தே ஆகவேண்டும் என்றும் ஒளிக்காமல் சொன்னார். அம்மா, "நீங்க உங்களுக்கு எடுத்துப் பாத்தீங்களா?" என்றாள். "முதல்ல எனக்குத்தாம்மா. கை நடுங்கி ஒண்ணு கீழ விழுந்திடுச்சு" என்றார் அவர். அம்மா சிரித்துவிட்டாள். புதுப் பிரஷ் ஒன்றை வாங்கிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். நான் பரீட்சை ஹால் வாசலில் நிற்கிறவன் போல நின்றேன்.

வைரஸ் இருந்தது. இந்தத் தடவை அம்மா எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். டாக்டர் துளி சதை எடுத்துச் சோதித்து, "புத்துநோய் இல்லம்மா, விட்டிருந்தா ஆகியிருக்கலாம்" என்று சொல்லி அந்த இடத்தை மட்டும் அகற்றிவிட்டார். இப்போது எழுந்து நடமாடுகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். வீட்டுக்கு வந்த அன்று மட்டும், "எங்கக்காவைத் தேடி இப்படி ஒருத்தரும் வரலையே" என்று வெகுநேரம் அழுதாள். 

உனக்கும் முப்பது தாண்டிவிட்டது அம்மாடி. தள்ளிப்போடாதே. ஒரு வழி ஒத்துவராவிட்டால் வேறு வழி உண்டா என்று வாய்விட்டுக் கேள். போகிற தேதியை அம்மாவுக்குச் சொல், அன்றைக்கு முழுக்கப் போன் பக்கத்திலேயே இருப்பாளாம், அப்படியே எழுதச் சொன்னாள்.

நோய்நொடி அண்டாமல் இருவரும் நீண்ட நாள் வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அப்பா