வாசகசாலை பெஞ்சில் உறங்கிய அத்தைக்கு

அத்தை,

இன்று பள்ளியில் ஒருத்தி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். டீச்சர் டிஞ்சர் பாட்டிலைத் திறந்ததும் நீங்களே வகுப்புக்குள் வந்தது போலிருந்தது. நர்ஸ் வேலை முடிந்து எதிர்வீட்டுக்குத் திரும்பும்போது உங்கள் சேலையில் வரும் வாசனை அது.

போன வருஷம் எனக்குக் காய்ச்சல் விடவேயில்லை என்று அம்மா உங்களைக் கூப்பிட்டாள். நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். அம்மாவைச் சுக்குவெந்நீர் வைக்க அனுப்பிவிட்டு, "ஏளா, யாரும் ஒன்ன என்னமும் செஞ்சாங்களா?" என்று கேட்டீர்கள். வாடகைப் புத்தகக் கடைக்காரன் கதவைச் சாத்திய அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அப்போதுதான் முதன்முதலாக வாய்திறந்தேன். ஏன் போனாய், ஏன் கத்தவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. "நீ சொல்லுதத நான் நம்புதேன். ஒம்மேல ஒரு தப்பும் இல்ல" என்றீர்கள்.

என்னிடம் கேட்டுக்கொண்டுதான் அம்மாவிடம் சொன்னீர்கள். அம்மா அழுதாள். பிறகு, "பொஸ்தகம் பொஸ்தகம்னு அலைஞ்சா இப்படித்தான். இவ படிச்சது போதும்" என்றாள்.

"பொஸ்தகமா மைனி கதவச் சாத்துச்சு?" என்று நீங்கள் அம்மாவைக் கேட்டீர்கள்.

அப்பாவோடு நீங்களும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனீர்கள். கடை பூட்டிக் கிடக்கிறது, வழக்கு நடக்கிறது. பள்ளிக்குத் திரும்பினேன். ஆனால் கதைப் புத்தகத்தைத் தொடவேயில்லை. அம்மா சொன்னது உள்ளே தங்கிவிட்டது.

அதனால்தானே சனிக்கிழமைதோறும் என்னை வாசகசாலைக்கு இழுத்துப் போனீர்கள்! ராத்திரி முறை பார்த்த அசதியில் என் பக்கத்திலேயே பெஞ்சில் உறங்கிவிடுவீர்கள்.

"நர்ஸம்மா, இது என்ன தூங்குத எடமா?" என்று பேப்பர் படிக்கும் அண்ணாச்சி ஒருநாள் கேட்டார்.

"நீங்க பேப்பர மூஞ்சில போட்டுக்கிட்டுத் தூங்குதீய அண்ணாச்சி. நான் பேப்பர் இல்லாமத் தூங்குதேன், அம்புட்டுதான்."

அன்று எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தேன். அடுத்த மாதம் நீங்கள் வெளி வராந்தாவுக்கு நகர்ந்தீர்கள். கதவு திறந்திருக்கிறதா, நீங்கள் இருக்கிறீர்களா என்று வாசலையே திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். பிறகு தெருமுனையில் முந்திரி மக்ரூன் இனிப்பு விற்கும் கடைக்கு. "இங்கனதான் நிப்பேன். நீ போயிட்டு வா. சீக்கிரம் வந்தா மக்ரூன் மிஞ்சும்."

மாசியில் உங்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். நெஞ்சுவலி என்றார்கள். அதன்பின் நான் வாசகசாலைப் பக்கமே போகவில்லை.

இன்று பள்ளி விட்டதும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். "நானும் கூட வரட்டா?" என்று கேட்டாள். உங்களைப் போல எனக்குத் துணை நிற்கப் பழகுகிறாள். வேண்டாம் என்றேன். பூட்டிய கடையைத் தாண்டும்போது நின்றேன், திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. பிறகு நடந்தேன்.

அதே அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். "ஏளா, தொணைக்கு ஆரும் வரலையா?"

"நான் வந்திருக்கேனே, அண்ணாச்சி."

ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கதையைப் பிரித்தேன். துறைமுகத்துச் சங்கு ஊதியபோதுதான் தலை நிமிர்ந்தேன் அத்தை. அவ்வளவு நேரமும் வாசலை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.