சம்பந்தி கரைக்குப் போன மணல்

அன்புள்ள அக்கா,

உனக்குச் செய்த சீர் போதாதென்று நம் கரை மணலும் உன் மாமியார் குப்பத்துக்கே போய்விட்டது. மழைக்காலத்தில் கடல் தின்ற மணல் பொங்கல் முடிந்தால் திரும்பி வருமே? இந்த வருஷம் கடலுக்குள் புதிதாய்க் கொட்டிய கல் தடுப்புக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு மைதானமே முளைத்திருக்கிறது. இந்தப் பக்கம் நமக்குக் கரையே இல்லை. இன்று காலை அலை நம் சமையலறைச் சுவரைப் பெயர்த்துவிட்டது. ஜோக்குகூட வரவில்லை.

படகை ஏற்ற இடமில்லாமல் நைனா இடுப்பளவு தண்ணீரில் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"சம்மந்தி கரைல இஸ்த்து வுட்டுக்கலாம் நைனா" என்றேன்.

"பொண்ணு குட்த்த எடத்துல போய் கேக்க சொல்றியாடா?"

அடுத்த அலைக்குப் படகை இழுத்துப் பிடித்தபடி அவரே, "அக்கா எப்டி கீதுன்னு பாத்துகினு வரலாமா?" என்றார்.

நாளை படகிலேயே வருகிறோம், உன்னைப் பார்க்கத்தான். நைனா வாய் திறப்பதற்குள் மாமாவிடம் சொல்லிப் படகைக் கரையேற்றிவிடு.

உன் வாலுத் தம்பி