பனிக்காலத்து வெட்டுக்கிளி

மலைப்பாறை நிலையம். 1648 டிசம்பர் 5, காலை 7.40

முழங்கால் அளவு பனி. நிலையத்தின் வெளிச்சுவர் வழக்கம்போலப் பாறையாகவே தெரிகிறது. மின்கலத்தில் குறையில்லை. கீழே நியூ வெஸ்காட் குடியிருப்பில் வைத்த, வெட்டுக்கிளி வடிவ ஒலிவாங்கிகள் ஆறும் வேலை செய்கின்றன.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் செய்தியாளர். நானூறு ஆண்டுகளுக்குப் பின்னாலிருந்து அனுப்பப்பட்டவள். இங்கிலாந்தின் திருச்சபை கெட்டுவிட்டது என்று கப்பலேறி வந்து, காட்டை வெட்டி, தூய்மையான ஊர் ஒன்றைக் கட்ட முயலும் பியூரிட்டன்களைக் கேட்டு எழுதுவது என் வேலை. தலையிடக் கூடாது.

இந்த ஊரில் யாரும் தனியாக வாழக் கூடாது. துணையில்லாதவர்கள் ஏதாவதொரு குடும்பத்தோடு தங்க வேண்டும். ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டைக் கவனிக்க வேண்டும். அது அன்பின் கடமை என்கிறார் போதகர் ஒபதியா வென்.

இன்னொன்று. பனி விழும் முன் ஒலிவாங்கிகளைத் திரும்ப எடுத்துவிட அனுமதி கேட்டேன். பனியில் வெட்டுக்கிளி ஏது? "இருக்கட்டும் அக்கா" என்றான், என்னை அனுப்பிய தளத்திலிருந்து பேசும் செண்பகராமன். காரணம் சொல்லவில்லை.

டிசம்பர் 7, பிற்பகல் 2.15

நான்காம் வெட்டுக்கிளி விதவை டமாரிஸ் கோலின் வீட்டில் இருக்கிறது. மீன்பிடிக்கப் போன புருஷன் வசந்தத்தில் மூழ்கிப்போனான். சபை மூப்பர் பிரஸ்காட் வீட்டுக்குக் குடிபோகச் சொல்லி உத்தரவு. மறுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒலிவாங்கிக்கு மின்சாரம் வெப்பத்திலிருந்து கிடைக்கிறது. அதனால் அது தானாகவே அடுப்பைத் தேடிப் போகும், சூடேறினால் கத்தும். டமாரிஸ் அதை உடைந்த கோப்பையில் போட்டு அடுப்போரம் வைத்திருக்கிறாள். போதகர் என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டாள். எங்கள் ஊர்ச் சபையில் போதகரை ஐயர் என்போம். அவள் பேச்சும் என் ஊர்ப் பேச்சாகவே எனக்கு மொழிபெயர்க்க வருகிறது.

"ஐயரே, இன்னைக்குப் பிரசங்கத்தச் சீக்கிரம் முடிச்சிட்டீரே, உடம்புக்குச் சரியில்லையோ? பிரஸ்காட் வீட்டுக்குப் போகணுமாம்லா. அவரு பொண்டாட்டி வைக்கிற கஞ்சியக் குடிக்கதுக்கு நான் கடல்ல விழுந்துருவேன். யார்ட்டயும் சொல்லிராதீரும், என்ன?"

சிரித்துவிட்டேன். அவள் சொன்னதைக் கேட்டது நான். பிறகு அது உறுத்தியது.

டிசம்பர் 10, காலை 9.05

மூப்பரின் மனைவி ஜுடித் பிரஸ்காட் நெருப்பு வாங்க வந்தாள். நான்காம் ஒலிவாங்கி:

"ஏட்டி டமாரிஸ், யார்ட்டப் பேசிட்டிருந்த?"

"சுவர்ட்ட."

"சுவர் கத்துமோ?"

கோப்பை உருளும் சத்தம்.

"வெட்டுக்கிளி! வெளிய பனி கொட்டுது. இது எங்கருந்துட்டி வந்துச்சு? பாதாளக்குழியிலருந்தா?"

"எங்கருந்து வந்தா ஒனக்கென்ன? நெருப்ப எடுத்துட்டுப் போ."

வேதத்தின் கடைசிப் புத்தகத்தில் பாதாளக்குழி திறக்கும், அதன் புகையிலிருந்து வெட்டுக்கிளிகள் புறப்படும். இங்கே அதை அறியாதவர் இல்லை. மதியத்துக்குள் ஊர் முழுக்க இதே பேச்சு.

டிசம்பர் 11, முற்பகல் 11.30

இங்கிலாந்திலிருந்து கடைசியாக வந்த கப்பல் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறது. சூனியக்காரி என்று சந்தேகப்பட்டவளை முக்காலியில் உட்காரவைத்துச் சுற்றிலும் காவலிருக்கிறார்கள். பிசாசு ஏவிய பிராணி பால் குடிக்க அவளைத் தேடி வரும் என்பது நம்பிக்கை. அது நுழைய வசதியாகக் கதவில் ஒரு துளை விடுகிறார்கள். வந்தால் தூக்கு. வராவிட்டால் விடுதலை. டமாரிஸை ஆராதனை வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். நாளை அந்திவரை காவல்.

கோப்பை உருண்டபோது நான்காம் வெட்டுக்கிளி தப்பிக் கூரையில் ஒளிந்திருக்கிறது. அசையாமல் கிடக்கும்படி ஆணை அனுப்பினேன். அது கிடந்தால் போதும், அவள் பிழைத்துவிடுவாள்.

டிசம்பர் 12, காலை 8.20

அது நகர்கிறது. கூரையிலிருந்து இறங்கி, ஆராதனை வீட்டை நோக்கி. என் ஆணைகளை ஏற்கவில்லை. வெப்பத்தைத் தேடுகிறது என்றும் சொல்ல முடியாது. எரிகிற இரண்டு அடுப்புகளைத் தாண்டிப் போயிருக்கிறது. யாரோ ஓட்டுகிறார்கள்.

தளத்தோடு நடந்த பேச்சு:

"நாலாவத நாங்க பாத்துக்கறோம் அக்கா. நீங்க கேட்டு எழுதுங்க, போதும்."

"நீங்கதான் ஓட்டுறீங்களா?"

"நடந்தது நடக்கணும்லா அக்கா."

"ஒரு உயிர்டே அது."

"தெரியும்."

டிசம்பர் 12, காலை 8.50

கீழே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. எழுதவும் இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு கதவில் கை வைத்தேன். உடனே தளம் பேசியது:

"கோட்டக் கழட்டுங்க அக்கா."

நிலையத்துக்குள் கேமரா கிடையாது. அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். கதவு திறக்கவில்லை. வெளியிலிருந்து பூட்டியதுபோல.

கணப்புக்கு அடியில் ஏதோ கத்தியது. குனிந்து பார்த்தேன். வெட்டுக்கிளி. என்னுடைய ஆறும் கீழே இருக்கின்றன. இது என்னுடையது அல்ல.

எத்தனை காலமாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறது?

டிசம்பர் 12, காலை 9.35

நான்காம் ஒலிவாங்கி, ஆராதனை வீடு. கதவுத் துளை வழியாக நுழைந்துவிட்டது. ஒரு பெஞ்சு சாய்கிற சத்தம்.

டமாரிஸ், மெதுவாக: "போயிரும் ஐயரே. இங்க வராதீரும். மிதிச்சிருவாவ. போயிரும்."

ஜுடித்: "பேசுதா! பாருங்க, அவ அதுகிட்டப் பேசுதா!"

அதைக் காப்பாற்றப் பார்த்தாள். அந்த இரக்கமே சாட்சியாகிவிட்டது. போதகர் வென் கயிறு கொண்டுவரச் சொல்கிறார்.

டிசம்பர் 12, காலை 9.50

ஒன்றுதான் மிச்சம். படுக்கை, கோட்டு, எரியக்கூடியது எல்லாவற்றையும் கணப்பில் திணித்துவிட்டேன். கரும்புகை கூரைத் துளை வழியாகப் போகிறது. கீழே இருந்து பார்த்தால் பாறை புகைவதாகத் தெரியும். ஏழாம் வெட்டுக்கிளி என் கையில். அது யாருடையது என்று ஊரார் வந்து பார்க்கட்டும். டமாரிஸுக்குப் பதில், தனியாக வாழும் நான் ஒருத்தி போதாதா அவர்களுக்கு?

இரண்டாம் ஒலிவாங்கி: "மலையப் பாருங்க! பாதாளம் தெறந்துட்டு!"

"அவள விடுங்கடே. கோடாலி எடுங்க."

வருகிறார்கள்.

டிசம்பர் 12, 10.30 இருக்கும்

புகை உள்ளேயும். இருமல். தளம்:

"டமாரிஸ அவங்க தூக்குல போடல அக்கா. வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கெழவியாகித்தான் செத்தா."

"முதல்லயே தெரியுமா?"

"தெரியும். அன்னைக்குத் தூக்குல போட்டது வேற ஒருத்திய. புகைஞ்ச பாறைய ஒடச்சு வெளிய இழுத்தாங்க. ஊர் பேர் தெரியாதவ."

"கதவ ஏன்டே பூட்டின?"

"பதிவுல அவ தானா எறங்கி வரல அக்கா. இழுத்துட்டுப் போனாங்க."

"என்னை ஏன்டே அனுப்பின?"

"நீங்கதான் தீ மூட்டுவீங்க."

தொடர்பு போய்விட்டது. அவர்களாகவே துண்டித்திருக்க வேண்டும்.

கோடாலி விழுகிறது. மறுபடியும்.

டமாரிஸ் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளை விடச் சொன்னதை நானே கேட்டேன், அது உறுதி. தளம் சொல்லும் மற்ற எதையும் நம்பாதீர்கள். தளம் என் பெயரை வெளியே சொல்லாது. செத்தவளின் பெயரில்லாமல் நான் எந்தச் செய்தியும் கொடுத்ததில்லை. அதனால் இங்கே சரியாக எழுதிவைக்கிறேன். என் பெயர்