என் சத்தத்துக்கு உன் பெயர்

பென்யா ராசா
14 அக்டோபர் 2023

அன்புள்ள விரியாட்டோ,

முதலில் என் கையெழுத்தை மன்னித்துக்கொள். சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே நிற்கின்றன, சில கீழே இறங்கிவிட்டன. சிறு வயதில் மேய்த்த ஆடுகள் மாதிரிதான். ஒன்றைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் இன்னொன்று போய்விடுகிறது. இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆனது. ஆனாலும் எழுதுவது நான்தான். என் வீட்டுக்காரி சுல்மிரா பக்கத்தில்கூட இல்லை, முட்டைக்கோஸ் நடப் போயிருக்கிறாள்.

ஊராட்சி அலுவலக மாடியில் டீச்சர் கிராசியெட் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். பிப்ரவரியிலிருந்து போகிறேன். எழுபத்திரண்டு வயதில் இப்போது எதைக் கண்டாலும் படிக்கிறேன். பேருந்துப் பலகையைப் படிக்கிறேன், மருந்துப் பெட்டியைப் படிக்கிறேன். சுல்மிரா தன் கையால் சுட்டது என்று விருந்தாளிகளுக்குத் தரும் பிஸ்கட்டின் பொட்டலத்தை அலமாரிக்குப் பின்னால் கண்டுபிடித்துப் படித்தேன். ஸ்பெயினில் சுட்டது.

"தூரத்துல இருக்கிற யாருக்காவது ஒரு கடிதம் எழுதுங்க" என்றார் டீச்சர். எனக்குத் தூரத்தில் இருப்பவன் லக்சம்பர்க்கில் நீ ஒருவன்தான். இருபது வருடம் மலைக்காற்று இசைக்குழுவில் நீ கீபோர்டு, நான் கிட்டார். அதே வேன், அதே இருக்கை.

மூன்று வருடத்துக்கு முன் ஆகஸ்ட் விடுமுறைக்கு வந்தாயே, என் கிட்டார் ஒலிபெருக்கி, அந்தப் பழைய வால்வு ஆம்ப்புக்கு முன்னால் மைக் வைத்து, என்னை இரண்டு நாள் வாசிக்க வைத்து, அதன் சத்தத்தை டிஜிட்டல் பெட்டிக்குள் நகலெடுத்துக் கொடுத்தாயே, அந்தப் பெட்டியைத்தான் இன்றுவரை மேடைக்குக் கொண்டுபோகிறேன். செங்கல் அளவு. என் முதுகு உன்னை வாழ்த்துகிறது. இருபத்தெட்டு கிலோ ஆம்ப், ஒயின் கிடங்கில் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் போர்வைக்குள் தூங்குகிறது. எண்பது மேடைக்கு மேல் ஆகிவிட்டது, பெட்டி ஒரு முறைகூட அலுக்கவில்லை. முதலில் கேலி செய்தவன் நான்தான். ஒப்புக்கொள்கிறேன்.

குமிழை வலது பக்கம் மூன்று சொடுக்கு திருப்பினால் என் சத்தம் வரும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போன சனிக்கிழமை மேடையில் முதல்முறையாகப் பெட்டியின் சின்னத் திரையில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். இரண்டு தடவை. 'விரியாட்டோ' என்று இருக்கிறது.

என் சத்தத்துக்கு உன் பெயர் ஏன்? ஏதோ கை தவறியிருக்கும். பதிலைக் கடிதத்தில் எழுது. போன் செய்தால் எடுக்க மாட்டேன், எனக்குப் படிக்க வேண்டும். பெரிய எழுத்தாக எழுது.

உன் நண்பன்
அடெலினோ


லக்சம்பர்க்
23 அக்டோபர் 2023

அன்பு அடெலினோ,

உன் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன், என் மனைவி இரண்டு தடவை படித்தாள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறோம். நீ கேட்டபடி பெரிய எழுத்தாக எழுதுகிறேன்.

பெயரைப் பற்றிக் கவலைப்படாதே. சாவிக்கொத்தில் மாட்டும் சீட்டு மாதிரி அது, வெறும் அடையாளம். உன் ஆம்ப்பை நகலெடுத்த பிறகு, கிட்டார்காரர்கள் இணையத்தில் கூடும் ஓர் இடத்தில் அதை இலவசமாக வைத்தேன். அங்கே எல்லோருக்கும் என்னைத்தான் தெரியும். இதுவரை நானூறு பேர் எடுத்திருக்கிறார்கள். போலந்தில் ஒருவர் இரண்டு வருடமாக இதைத் தவிர வேறு எதிலும் வாசிப்பதில்லையாம். முதல் மாதம் பிடித்து, ஆறாம் மாதம் சலித்துப் பழைய ஆம்ப்புக்குத் திரும்புவதுதான் இந்தப் பெட்டிகளோடு வழக்கம். அவர் தன் மூன்று ஆம்ப்புகளையும் கொடுத்துவிட்டார். 'விரியாட்டோ சத்தம்' என்றே சொல்கிறார்கள். நீ பெருமைப்பட வேண்டும்.

சுல்மிராவுக்கு என் வணக்கம். பிஸ்கட் விஷயம் எனக்கு 1988லேயே தெரியும்.

அணைப்புடன்
விரியாட்டோ


பென்யா ராசா
31 அக்டோபர் 2023

விரியாட்டோ,

'அன்புள்ள' என்பதை மறந்துவிடவில்லை. வேண்டுமென்றே விட்டேன்.

நான் பெருமைப்பட வேண்டுமா? அந்த ஆம்ப் யாருடையது? வீசேயூ நகரத்து ரேடியோ ரிப்பேர்காரர் நான்கு பழைய ரேடியோக்களைப் பிரித்து எனக்காகக் கட்டியது. உலகத்தில் அதற்கு ஜோடி கிடையாது. அதன் பின்புறத்தில் கம்பளிப் போர்வையை மடித்து அடைத்தால்தான் கரகரப்பு இறங்கிக் குரல் மாதிரி வரும் என்று கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு வருடம் ஆனது. குமிழ்கள் எங்கே நிற்க வேண்டும் என்று சுல்மிராவின் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்தவன் நான். நீ மைக் வைத்தாய். போட்டோ எடுத்தவன் பிள்ளைக்கு அப்பன் ஆகிவிடுவானா?

எங்கேயோ ஒரு போலந்துக்காரர் என் பதினோரு வருடத்தை வாசித்துவிட்டு உனக்கு நன்றி சொல்கிறார். நீயும் வாங்கிக்கொள்கிறாய்.

"எழுதக் கத்துக்கிட்டது சண்ட போடத்தானா?" என்கிறாள் சுல்மிரா. ஆமாம் என்றேன். இதுநாள்வரை வாயால் போட்ட சண்டைகளில் பாதி காற்றோடு போய்விட்டது. இது போகாது.

உன் பெட்டி எனக்கு வேண்டாம். புனித மார்ட்டின் திருநாள் மேடைக்கு என் ஆம்ப்பைத் தூக்கப் போகிறேன்.

அடெலினோ


லக்சம்பர்க்
6 நவம்பர் 2023

அடெலினோ, ஆம்ப்பைத் தூக்காதே. முதுகை நினைத்துப் பார். பெயரைப் பற்றி ஆகஸ்டில் வரும்போது உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். விரியாட்டோ.


பென்யா ராசா
14 நவம்பர் 2023

விரியாட்டோ,

தூக்குவதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசனை இருந்தது. தூக்காதே என்று நீ எழுதியதும் தூக்கிவிட்டேன்.

ட்ரம்ஸ் ஓர்லாண்டோ ஒரு பக்கம் பிடித்தான். "அண்ணே, இது ஆம்ப்பா, இல்ல உள்ள யாராச்சும் படுத்திருக்காங்களா?" என்றான்.

"வாய மூடிக்கிட்டுத் தூக்கு. உன் ட்ரம்ஸ எத்தன வருஷம் நான் சுமந்திருக்கேன்."

தேவாலய முற்றத்தில் கஷ்கொட்டை சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஆம்ப்பைப் போட்டேன். வால்வு சூடேறித் தூசி கருகும் வாசனை வந்தது. முதல் சுரத்திலேயே ஸ்பீக்கர் தள்ளிய காற்றில் என் கால்சட்டை ஆடியது. உன் பெட்டி மூன்று வருடத்தில் ஒரு தடவை கால்சட்டையை ஆட்டியிருக்கிறதா? திரும்பி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தேன்.

முதல் பாட்டு முடிந்ததும் ஓர்லாண்டோ குனிந்தான். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க சத்தத்துக்கு ஜலதோஷம் புடிச்சிருக்கா?"

குமிழ்களைச் சிவப்புப் புள்ளிக்கு நேராக வைத்தேன். போர்வையை எடுத்து மறுபடி மடித்து அடைத்தேன். இரண்டாவது பாட்டும் மூக்கடைத்த மாதிரிதான் வந்தது. கஷ்கொட்டைப் பொட்டலத்தோடு சுல்மிரா மேடை ஓரத்துக்கு வந்தாள்.

"இது நீ இல்லையே" என்றாள்.

ஐம்பது வருடமாக என் வாசிப்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மூன்றாவது பாட்டுக்கு ஓர்லாண்டோ, எதற்கும் இருக்கட்டும் என்று வேனில் போட்டு வைத்திருந்த பெட்டியை எடுத்து மாட்டினான். வலது பக்கம் மூன்று சொடுக்கு. வந்துவிட்டது. கூட்டம் ஆட ஆரம்பித்தது.

ஆம்ப்பை ஈரக் கிடங்கில் வைத்தது என் முட்டாள்தனம். ஸ்பீக்கர் காகிதம் ஊறிப் பூஞ்சை பிடித்திருக்கிறது. கட்டிய ரேடியோக்காரர் இறந்து பத்து வருடம் ஆகிறது. வேறு யார் கை வைத்தாலும் அது வேறு ஆம்ப்தான். ஆகவே என் சத்தம் இந்த உலகத்தில் அந்த நகலில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. அந்த வீட்டு வாசலில் உன் பெயர்ப்பலகை தொங்குகிறது.

பெட்டியின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பேன். இல்லாததால்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

பெயரை மாற்று. ஆகஸ்ட்வரை பொறுக்க மாட்டேன்.

அடெலினோ


லக்சம்பர்க்
22 நவம்பர் 2023

அடெலினோ,

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ விடவில்லை.

அந்த ஆகஸ்டில் பெட்டி உன் அடுப்படி மேசைமேல் இருந்தது. சுல்மிரா சூப் பரிமாறிக்கொண்டிருந்தாள், ஓர்லாண்டோவும் இருந்தான். "இதுக்கு என்ன பேர் போடட்டும்?" என்று உன்னைக் கேட்டேன். நீ சிரித்தாய். "என்னத்தையாவது எழுதிக்கோடா. எனக்குப் படிக்கவா தெரியப்போகுது?" என்றாய். எல்லோரும் சிரித்தோம். நான் என் பெயரை எழுதினேன்.

நான் திருடவில்லை. கேட்டேன், நீ கொடுத்தாய். சுல்மிராவிடம் விசாரித்துப் பார். பிறகு, போட்டோக்காரன் அப்பன் என்றெல்லாம் எழுது.

விரியாட்டோ


பென்யா ராசா
2 டிசம்பர் 2023

விரியாட்டோ,

சுல்மிராவைக் கேட்டேன். நான் அப்படிச் சொன்னதாகத்தான் சொல்கிறாள். எனக்கும் நினைவு இருக்கிறது. ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை.

இப்போது கேள். நான் எழுபது வருடம் அப்படித்தான் சிரித்தேன். வங்கியில், வாக்குச்சாவடியில், மருத்துவமனையில், தாளை என் முன்னால் நீட்டுவார்கள். அவர்கள் சிரிப்பதற்குள் நான் சிரித்துவிடுவேன். மற்றவர்களுக்கு அது வேடிக்கை. உனக்குத் தெரியும் அது என்னவென்று. இருபது வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவன் நீ. வழியில் சாப்பிட நிறுத்தினால் உணவுப் பட்டியலை என் கைக்கு வராமல் நீ வாங்கிக்கொள்வாய். "ரெண்டு பேருக்கும் கருவாடும் உருளைக்கிழங்கும்" என்பாய். ஒருவருக்கும் தெரியாது. அவ்வளவு பதவிசான மனிதன் நீ. எனக்கு எது வலிக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன்.

அந்த மனிதன், எனக்குப் படிக்கத் தெரியாது என்று நான் சொன்னதை அனுமதி என்று எடுத்துக்கொண்டான். அது அனுமதி இல்லை, விரியாட்டோ. அது வெட்கம்.

'சரிடா, உன் பேரையே போடுறேன், யாராவது படிச்சுச் சொல்லுவாங்க' என்று நீ சொல்லியிருக்கலாம். நம் மொழி எழுத்தில் உன் பெயரும் என் பெயரும் ஒரே நீளம், ஏழேழு எழுத்து. உனக்கு ஒரு விரல் வேலைகூட அதிகமாகியிருக்காது. நான் எப்போதும் படிக்கப் போவதில்லை என்று நம்பினாய். அந்த நம்பிக்கைதான் என்னை எரிக்கிறது, பெயர்கூட இல்லை.

பதில் எழுதினால் எழுது. இல்லாவிட்டால் இதோடு முடியட்டும்.

அடெலினோ


லக்சம்பர்க்
10 டிசம்பர் 2023

அடெலினோ,

நீ எழுதியதில் மறுக்க எனக்கு ஒரு வரிகூட இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சாக்குச் சொல்வதற்காக இல்லை. இங்கே இருபத்துநான்கு வருடம் குளியலறைகளுக்கு ஓடு ஒட்டினேன். எத்தனை வீடு என்று கணக்கில்லை. ஓடு ஒட்டியவன் பெயர் எந்தச் சுவரிலும் இருக்காது. அன்றைக்கு உன் அடுப்படியில் அந்த வெற்றுத் திரையைப் பார்த்ததும் ஓர் ஆசை வந்தது. நீ சிரித்தது எனக்கு வசதியாகப் போயிற்று. அதுதான் உண்மை.

இணையத்தில் பெயரை மாற்றிவிட்டேன். ஆம்ப் உன்னுடையது, வாசித்தவன் நீ என்று எழுதியிருக்கிறேன். ஏற்கெனவே எடுத்துக்கொண்ட நானூறு பேரின் பெட்டிகளில் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. உன் பெட்டியை ஆகஸ்டில் வந்து என் கையால் மாற்றித் தருகிறேன்.

மன்னித்துவிடு.

விரியாட்டோ


பென்யா ராசா
18 டிசம்பர் 2023

அன்புள்ள விரியாட்டோ,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டேன், ஆனால் அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதே.

ஆகஸ்டுக்குள் நான் செத்துவிட்டால் உன் பெயரில் வாசித்தவனாகப் போய்ச் சேர்வேன். முடியாது. ஓர்லாண்டோவிடம் போனேன்.

"பேர எப்படிடா மாத்துறது?"

"குடுங்கண்ணே, ரெண்டு நிமிஷத்துல மாத்தித் தரேன்."

"கைய எடு. எப்படின்னு மட்டும் சொல்லு."

குமிழைத் திருப்பினால் எழுத்துகள் வரிசையாக ஓடுகின்றன. வேண்டியது வந்ததும் அழுத்த வேண்டும். முதலில் உன்னை அழித்தேன், ஒவ்வோர் எழுத்தாக. சுகமாக இருந்தது, மறைக்க மாட்டேன். பிறகு என்னை எழுதினேன். ஓர் எழுத்து தாண்டிப் போய்விடும், சுற்றிக்கொண்டு வர வேண்டும். முட்டைக்கோஸ் சூப் ஆறிப்போனது. "அந்தப் பொட்டியவே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து" என்றாள் சுல்மிரா. பிறகு அவளும் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு பார்க்க வந்தாள்.

நானூறு வீட்டுப் பெட்டித் திரைகளில் இன்னும் உன் பெயர்தான் எரிந்துகொண்டிருக்கிறது. நினைத்தால் இப்போதும் ரத்தம் கொதிக்கிறது. அந்தப் போலந்துக்காரருக்காவது உண்மையை எழுது. இந்த வாரமே எழுது. போர்வையைப் பற்றியும் சொல், அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

ஓடு ஒட்டியதைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது கோபம் குறையவில்லை. இரண்டாவது தடவையும் அதிகம் குறையவில்லை. ஆனால் என் பெயரை எழுதி முடித்த பிறகு திரையில் இடம் மீதி இருந்தது. குமிழைத் திருப்பிப் பார்த்தேன், அதே நீளத்துக்கு இன்னொரு பெயர் கொள்ளும். மைக் எங்கே நிற்க வேண்டும் என்று இரண்டு நாள் தரையில் மண்டியிட்டுத் தேடியவன் நீ. நீ தேடாமல் இருந்தால் இன்றைக்கு என்னிடம் பூஞ்சை பிடித்த மரப்பெட்டிதான் இருந்திருக்கும். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, எழுதிவிட்டேன்.

அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். ஆகஸ்டில் வந்து, அங்கே என்ன பெயர் போடலாம் என்று என்னைக் கேள். இந்த முறை சிரிக்காமல் பதில் சொல்கிறேன்.

விரல் வலிக்கிறது. உன்மேல் உள்ள கோபத்தில் பாதிதான் எழுதி முடித்திருக்கிறேன். மீதியை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அடெலினோ