படிவத்தில் எழுதிய பொய்

அக்காவுக்கு,

இன்று மகளுக்கு ஞாபகத் திறன் சோதனை வைத்தார்கள். பதினான்கு வயதுப் பெண், டாக்டர் சொன்ன ஐந்து எண்களில் இரண்டைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். கர்ப்பகாலத்தில் போதை மாத்திரை எடுத்ததுண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி. 'இல்லை' என்று எழுதிவிட்டேன். மருந்துக்கடை வேலையில் நான் திருடி விழுங்கியதெல்லாம் உனக்கு மட்டும்தானே தெரியும்!

பஸ்ஸில், "எனக்கு ஏம்மா எதுவுமே மண்டையில நிக்கல?" என்றாள். கைக்குழந்தையாக இருந்தபோது கீழே விழுந்துவிட்டாய் என்று உளறிவிட்டேன்.

"யாரு கையிலேர்ந்து?"

"பெரியம்மா கையிலேர்ந்து."

எல்லாவற்றையும் மறக்கிறவள், வீட்டுக்கு வந்தபின் மூன்று தடவை அதையே சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது கட்டாயம் கேட்பாள். ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடு, அக்கா.

இதுவரை நீ காட்டிக்கொடுக்காத
தங்கை