உத்தேசக் கோடு

மார்ச் 3, திங்கள்

நகரத் திட்டக் குழுமம் பிறந்து இன்றோடு எட்டு நாள். ஆபீஸ் என்று எங்களுக்குக் கொடுத்திருப்பது மூடிப்போன சோப்புக் கம்பெனி. சுவரெல்லாம் வாசனை. குளிக்காமல் வந்தாலும் யாருக்கும் தெரியாது. மூன்று மேஜை, ஒரு மின்விசிறி, ஆறு பேர். அளக்கும் கருவிகள் "வந்துகிட்டே இருக்கு" என்கிறார் தலைவர். கருவிக்கு முந்திக்கொண்டு அளவைப் புத்தகங்கள் மட்டும் ஒரு கட்டு வந்துவிட்டன. பக்க எண் அச்சடித்த புத்தகம், ஒரு தாள் கிழித்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அளக்காத ஆபீஸில் அதற்கு வேறென்ன வேலை? ஒன்றை நாட்குறிப்பாக்கிக்கொண்டேன்.

சர்வே ஆபீஸில் இருபது வருடம் படம் வரைந்த பிறகு இங்கே அனுப்பியிருக்கிறார்கள். நான்தான் ஒரே வரைவாளர். வாய் அதிகம் என்று அங்கிருந்து தள்ளிவிட்டார்கள் என்பது வேறு கதை.

மார்ச் 4, செவ்வாய்

பத்து மணிக்குத் தலைவர் ஓடி வந்தார். நாளைக்கு அமைச்சர் வருகிறாராம். பாலத்திலிருந்து சந்தை வரைக்கும் புதுச் சாலை, அது அவர் கண்ணுக்குப் படத்தில் தெரிய வேண்டுமாம்.

"அளக்காமலா சார்?"

"அளக்கறது அப்புறம்மா. இப்ப ஒரு கோடு போட்டுக் குடு."

கையில் இருப்பது முப்பது வருடப் பழைய படம். பாலம் இருக்கிறது, சந்தை இருக்கிறது, நடுவில் வெறும் வெள்ளை. சிவப்புப் பென்சிலை எடுத்துக் கண்ணால் பார்த்தே இழுத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை. கோட்டின் மேலேயே பென்சிலில் "உத்தேசம்" என்று எழுதினேன், அளந்தது இல்லை என்று பார்க்கிறவனுக்குத் தெரியட்டும் என்று.

அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாக அவரும் என்னோடுதான். பெயரே சங்கிலி என்றாகிவிட்டது. "குத்துமதிப்புன்னு எழுதுங்க மேடம், அதான் எல்லாருக்கும் புரியும்" என்றார். அமைச்சர் பார்க்கிற படத்தில் குத்துமதிப்பாம். சந்தையில் கத்தரிக்காயா விற்கிறோம் என்று அதட்டிவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

மதியம் ஆபீஸ் ஜன்னல் மூன்றும் போயின. வெளியே இருநூறு பேர். யாரோ வீடு இடிபடும் பட்டியல் என்று ஒரு தாளைத் தெருத்தெருவாகக் கொடுத்திருக்கிறான். நாங்கள் மேஜைக்கு அடியில் கிடந்தோம். ஒரு செங்கல் சங்கிலியின் காதோரம் பட்டது, ஏழு தையல். அவர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "இதுவாவது அளந்து அடிச்சான்" என்றார். சிரித்தேன், பிறகு கழிப்பறையில் போய் வாந்தி எடுத்தேன்.

பட்டியலில் நாற்பத்திரண்டு வீடு. பதினோராவது தம்பி வீடு. முன்பக்கம் வெல்டிங் பட்டறை, பின்பக்கம் தம்பியும் அவன் பெண்டாட்டியும் அம்மாவும். அந்தத் தெரு உருவாகியே இருபது வருடம்தான். என் படத்தில் அது இல்லவே இல்லை. வெறும் வெள்ளையாக இருந்தது என் தம்பியின் தெருவா?

மார்ச் 12, புதன்

தலைவர் அறைக்கு நேராகப் போனேன்.

"சார், அந்தக் கோடு உத்தேசம்தானே?"

"ஆமாம்மா, உத்தேசம்தான். சந்தேகமே வேண்டாம்."

அப்பாடா. அளக்காமல் கை வைக்க மாட்டார்கள். பட்டியல் எவனோ கிளப்பிவிட்ட புரளி.

மார்ச் 14, வெள்ளி

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனேன். பட்டறையில் கேட் ஒன்று பாதியில் நின்றது. என்னைப் பார்த்ததும் முகக்கண்ணாடியைத் தூக்கினான், வா என்று சொல்லவில்லை.

"பயப்படாதே. தலைவர்கிட்டயே கேட்டுட்டேன். உத்தேசம்தான்" என்றேன்.

"உத்தேசமோ கித்தேசமோ. இடிக்கிற மிஷின் இந்த வாசப்படி ஏறிச்சுன்னா ஓட்டுறவன் மண்டையைப் பொளந்துடுவேன். எழுதி வச்சுக்கோ."

எழுதி வைத்தாயிற்று. கோபத்தில் பேசுகிறான். எங்கள் குடும்பத்துக்கே நாக்கில் நெருப்பு. அம்மா மட்டும்தான் தண்ணீர். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, போய்ச் சாப்பிடுங்க ரெண்டு பேரும்" என்று தட்டை வைத்தாள்.

மார்ச் 19, புதன்

எப்படி எழுதுவது.

காலையில் ஆபீஸுக்குப் போனால் என் மேஜையில் படம் இல்லை. சங்கிலி கட்டுப்போட்ட தலையோடு ஓடி வந்தார். "மேடம், மிஷின் உங்க தம்பி தெருவுக்குப் போயிருக்கு. உங்க படத்தை வச்சுத்தான்."

ஓடினேன். தெரு முனையிலேயே புழுதி. பத்து வீடு முடிந்திருந்தது. போலீஸ்காரர்கள் தடியோடு வரிசையாக நின்று, நெருங்கினவர்களை எல்லாம் அடித்தார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரியை முடியைப் பிடித்து இழுத்தார்கள், அவள் கையில் தைத்துக்கொண்டிருந்த சட்டை அப்படியே இருந்தது. என் முதுகிலும் ஒன்று விழுந்தது. நான் ஆபீஸ் ஆள், ஆபீஸ் ஆள் என்று கத்தினேன். வெட்கமாக இருக்கிறது எழுத.

அம்மா உள்ளே இருந்தாள். காது கேட்பது மட்டு. பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தம்பி கையை ஆட்டி ஆட்டி "ஆள் இருக்கு, ஆள் இருக்கு" என்று கத்துகிறான். மிஷின் சத்தத்தில் எவனுக்குக் கேட்கும்? சுவர் விழுந்தது. துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் அம்மாவின் வலது கை. அம்மா கத்தின கத்து தெரு முழுக்கக் கேட்டது. அது மட்டும் கேட்டது.

தம்பி பட்டறையிலிருந்து கம்பியை எடுத்தான். மிஷின் மேல் ஏறினான். ஒரு அடி. ரெண்டு. மூணாவது அடிக்கு அந்த ஆள் சீட்டிலேயே சரிஞ்சுட்டான். நாலாவது எதுக்குடா. நாலாவது எதுக்கு.

நான் பார்த்துக்கிட்டே நின்னேன்.

மார்ச் 20, வியாழன்

ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு நாலு விரல் எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் மிச்சம்.

அதே மாடியில், கடைசி அறையில் மிஷின் டிரைவர். போய் எட்டிப் பார்த்தேன், ஏன் போனேன் என்று தெரியவில்லை. அவர் மனைவி யார் நீங்க என்று கேட்டாள். கோடு போட்டவள் என்றேன். ஓங்கி அறைந்தாள். யாரும் என்மேல் கை வைத்தால் திருப்பிக் கொடுக்காமல் நான் வந்ததில்லை. இன்று நின்றேன். "அவருக்குப் படம் எல்லாம் படிக்கத் தெரியாதுங்க. கோடு எங்கன்னு காட்டுனா ஓட்டுவாரு, அவ்வளவுதான்" என்றாள். பிறகு என் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.

மார்ச் 22, சனி

டிரைவர் போய்விட்டார்.

மார்ச் 24, திங்கள்

தலைவர் என்னைப் பார்த்ததும் காபி சொல்லி அனுப்பினார். அந்த மரியாதையே சந்தேகம். படத்தை மேஜையில் விரித்து வைத்திருந்தார்.

"உத்தேசம்னு நீங்கதானேம்மா எழுதினீங்க? உத்தேசம்னா என்ன? செய்யறதுன்னு தீர்மானிச்சது. நீங்க எழுதினதைத்தான் நாங்க செஞ்சோம். நான்கூட அன்னிக்குத் தெளிவாச் சொன்னேனே."

அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கு நான் ஒன்று கேட்டிருக்கிறேன், அவர் வேறொன்று பதில் சொல்லியிருக்கிறார், இரண்டு பேருமே தலையாட்டியிருக்கிறோம்.

"குத்துமதிப்பு சார். நான் சொன்னது குத்துமதிப்பு. அளந்து பாருங்க, இப்பவாவது நிறுத்துங்க."

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. இனி சாண் என்ன முழம் என்ன? மிச்சம் முப்பத்தொண்ணையும் முடிச்சிடலாம். உங்க தம்பி கதை கோர்ட் பார்த்துக்கும்."

படம் சுருளாமல் இருக்க ஈயக் கட்டி வைப்போம். உள்ளங்கை அகலம், நல்ல கனம். எடுத்து வீசினேன். புருவம் பிளந்தது. ரத்தம் படத்தின் மேல் சொட்டியது. சிவப்புக் கோடு எது, அது எது என்றே தெரியவில்லை. இன்னொரு கட்டியை எடுத்தேன். சங்கிலி பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டார். இல்லாவிட்டால் தம்பியும் நானும் ஒரே வேனில் போயிருப்போம்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 25, செவ்வாய்

வேலை நீக்கம். போலீஸில் புகார். அம்மா கட்டுப்போட்ட கையால் என் தலையைத் தடவினாள்.

ஏப்ரல் 2, புதன்

தம்பிக்கும் தெருவுக்கும் வாதாடுகிற வக்கீலம்மா நேரடியான ஆள். தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை.

"அந்தக் கோடு குத்துமதிப்புன்னு நிரூபிச்சா இடிப்பே செல்லாது. மிச்ச வீடு தப்பிக்கும். அம்மாவைக் காப்பாத்தப் போய்க் கை மீறிடுச்சுன்னு தம்பிக்காகவும் பேசலாம், நாலஞ்சு வருஷத்துல வெளிய வரலாம். ஆனா நீங்க சொன்னா எவன் நம்புவான்? தலைவர் மண்டையை உடைச்ச பொம்பளை. அதுவும் கொலைகாரனோட அக்கா."

அந்த ஒரு நிமிஷச் சந்தோஷத்துக்கு விலை இது.

அப்போதுதான் இந்தப் புத்தகம் ஞாபகம் வந்தது. பக்க எண் போட்டது, அன்றன்றைக்கு எழுதியது. எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தைப் படித்ததும் எழுந்தே நின்றுவிட்டாள். "இது போதும்மா, தெரு பிழைச்சுது." ஏழாம் பக்கம் வந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

"எழுதி வச்சுக்கோன்னா நிஜமாவே எழுதுவீங்களா? போலீஸ் குற்றப்பத்திரிகைல ‘கொல்லும் உத்தேசத்துடன்’னு போட்டிருக்கு. அவங்ககிட்ட அதுக்குச் சாட்சி இல்ல. இந்தப் பக்கம்தான் சாட்சி."

கிழித்துவிடலாமா என்றேன். எண் காட்டிக்கொடுக்கும், முழுப் புத்தகமும் பொய் ஆகிவிடும் என்றாள். கொடுத்தால் முழுதாகக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுப்பில் போடச் சொன்னாள். இடிப்புக்கு அவள் வாங்கிய தடை உத்தரவு எட்டு நாள்தான், பத்தாம் தேதி மிஷின் மறுபடி வரும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சங்கிலி பழைய ஆபீஸிலிருந்து கருவியைக் கேட்டு வாங்கி வந்தார். வேலை இல்லாதவளும் தையல் தழும்பு ஆறாதவருமாகப் பாலத்திலிருந்து சந்தை வரை அளந்தோம். தெருவில் ஒருவரும் என்னிடம் பேசவில்லை. ஒரு பெண் வாசலில் நின்று காறித் துப்பினாள்.

படத்தில் நான் பிசகியது ஒன்பது மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகம். தரையில் அது பதினெட்டு மீட்டர். சரியான கோடு தெருவைத் தொடவே இல்லை. சோப்புக் கம்பெனியின் நடுவே, எங்கள் கழிப்பறை வழியாகப் போகிறது.

இரண்டு பேரும் உடைந்த செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டோம். "குத்துமதிப்புன்னு எழுதியிருக்கலாம் மேடம்" என்றார் சங்கிலி. குத்திக்காட்டவில்லை, வருத்தமாகச் சொன்னார். அதனால்தான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

ஜெயில். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தம்பி. ஒரு பல் இல்லை, இடது கண் மூடிக் கிடந்தது. உள்ளே யார் அடித்தார்கள் என்று சொல்ல மாட்டேன் என்கிறான். அம்மா கை எப்படி என்றுதான் முதலில் கேட்டான்.

புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். இரண்டாம் பக்கம், ஏழாம் பக்கம், எல்லாம். அவன் கொஞ்ச நேரம் வலையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான்.

"நீ கோடு போட்டாலும் என்மேல ஏறுது. எழுதினாலும் என்மேல ஏறுது. பொறந்ததுலேர்ந்து உனக்கு என்கிட்ட என்னக்கா பகை?"

எனக்கு அழுகை வந்தது. எரிச்சுடறேன்டா, யாருக்கும் தெரியாது, எரிச்சுடறேன் என்றேன்.

"மிச்சம் எத்தனை வீடு?"

"முப்பத்தொண்ணு."

"அதுல எத்தனை வீட்டுல என்னை மாதிரி ஒருத்தன் கம்பியோட நிப்பான்?" கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அந்த டிரைவருக்கும் எனக்கும் என்னக்கா? முதல் அடிலயே கை விட்டிருக்கணும். நாலாவது அடி அம்மாவுக்காக இல்ல. எனக்குத் தெரியும். குடுத்துடு."

காவலர் நேரமாச்சு என்றார். கொடுத்துவிடு என்று இன்னொரு தடவை சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திரும்பிப் போய்விட்டான்.

ஏப்ரல் 10, வியாழன்

காலை ஏழு மணி. தெரு முனையில் மிஷின் வந்து நிற்கிறதாம். புது டிரைவர். இங்கேயிருந்தே சத்தம் கேட்கிறது.

முழுதாகக் கொடுக்கிறேன்.

நவம்பர் 17, திங்கள்

இன்று புத்தகம் திரும்பி வந்தது. அட்டையில் கோர்ட் முத்திரை, ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் யாரோ ஒருவரின் சுருக்கொப்பம். ஏப்ரல் பத்துக்குப் பிறகு வெள்ளைத்தாள். அதில்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் பக்கத்தை வைத்து, கோடு செல்லாது என்றார் நீதிபதி. தெரு நிற்கிறது. போன வாரம் சோப்புக் கம்பெனியை இடித்தார்கள். காற்றில் மூன்று நாள் சோப்பு வாசனை. தலைவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், புருவத் தழும்போடு. தையல்காரி நேற்று வாசலில் நின்று, "உள்ள வாங்களேன்" என்றாள். போகவில்லை.

ஏழாம் பக்கத்தை வைத்துத் தம்பிக்குப் பத்து வருடம். பிடித்த நாளான மார்ச் பத்தொன்பதிலிருந்து கணக்கு. டிரைவரின் மனைவி கோர்ட்டுக்கு வந்திருந்தாள். தீர்ப்பைக் கேட்டு அவளும் சிரிக்கவில்லை.

பின்சுவரை மட்டும் புதிதாக எழுப்பிய தம்பி வீட்டுக்கு வந்தேன். தம்பி பெண்டாட்டி பட்டறைப் பக்கம் முகம் திருப்பி உட்கார்ந்திருந்தாள். அம்மா ஒற்றைக் கட்டைவிரலால் சட்டைப் பித்தானைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள், அவனுடைய சட்டை. நிமிராமலே கேட்டாள்.

"பத்து வருஷம்னா, உத்தேசமா எப்ப வருவான்?"

நான் நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தேன். லீப் வருடம் இரண்டு வந்தது, சேர்த்துக்கொண்டேன். முதலிலிருந்து இன்னொரு தடவை எண்ணிச் சரிபார்த்தேன்.

"மூவாயிரத்து நானூற்று ஒன்பது நாள்மா" என்றேன்.