தூரக்கண்ணாடியில் கவிழ்ந்த பிறை

முருகன் துணை

பொகவந்தலாவை, இலங்கை,
9.11.1956

அன்புள்ள மகன் முத்துலிங்கத்துக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, தங்கச்சி லெட்சுமி, சிவப்புப் பசு எல்லோரும் முருகன் புண்ணியத்தில் சுகம். சிங்கப்பூரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். தீபாவளிக்கு உன் பங்கு முறுக்கைத் தனியாக எடுத்து வைத்தேன், அதையும் உன் அப்பா தின்றுவிட்டார்.

மகனே, குளிருக்கு ஒரு கம்பளி அனுப்பு என்றுதானே எழுதினேன்? நீ தூரக்கண்ணாடி அனுப்பியிருக்கிறாய். நீளமான பித்தளைக் குழாய், ஒரு நுனியில் பெரிய கண்ணாடி, மறு நுனியில் கண்ணை வைக்கச் சின்னக் கண்ணாடி. இதில் நிலாவில் உள்ள பள்ளமெல்லாம் தெரியும் என்று எழுதியிருந்தாய். நம் லயத்து வரிசை வீட்டு வாசலில் இருக்கிற பள்ளத்தை மூடவே ஆளைக் காணோம், நிலாவில் உள்ளது எனக்கு எதற்கு? ஆனால் உன் அப்பா கேட்கிற ஆளா? மூன்று மரக்கம்பைச் சேர்த்துக் கட்டிக் கால் செய்து, லயத்துக்குப் பின்னால் நம் முட்டைக்கோவாப் பாத்திக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி, முதல் வேலையாக எதிர்மலையைப் பார்த்தார். பார்த்ததும் "ஐயோ, எல்லாரும் தலகீழா தொங்குறாளுங்க" என்று கத்தினார். ஓடிப்போய் நானும் பார்த்தேன், உண்மைதான். தேயிலைக் கொழுந்தெடுக்கிற பெண்கள் எல்லோரும் கால் மேலே, தலை கீழே. கூடையிலிருந்து ஓர் இலைகூடக் கொட்டவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். அடுத்த வீட்டு ராக்காயி தன் மருமகளை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு, அவள் வேலை முடிந்து வந்ததும் படுக்க வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்தாள். மாமியார் கையால் அவளுக்குக் கிடைத்த முதல் உபசாரம் அது.

பிறகு அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, நன்றாகக் குனிந்து, இரண்டு காலுக்கும் நடுவே தலையை விட்டுப் பார்த்தால் எல்லாம் நேராகத் தெரிகிறது. அதிலிருந்து லயமே அப்படித்தான் பார்க்கிறது. சாயங்காலமானால், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்பது போல வரிசையில் நின்று, முறை வந்ததும் குனிகிறார்கள். பிள்ளை மடுவத்தில் நான் பார்த்துக்கொள்கிற குழந்தைகளுக்கும் அது தொற்றிவிட்டது. எதையாவது பார் என்று சொன்னால் போதும், திரும்பி நின்று குனிந்துவிடுகின்றன. ஒரு நாள் தோட்டத்துத் துரை மடுவத்துக்கு வந்தார், நான் புத்தியில்லாமல் எல்லாரும் துரையைப் பாருங்கள் என்று சொல்லித் தொலைத்தேன். துரை அதற்குப் பிறகு மடுவத்துப் பக்கம் வரவில்லை.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத கதையை இனித்தான் எழுத வேண்டும். நோர்வூட் பழனியாண்டி கங்காணியின் மகன் கணேசமூர்த்திக்கு நம் லெட்சுமியைப் பேசியிருப்பது உனக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குப் பிரியம். போன மாதம் நாள் குறிக்கக் கங்காணி வந்தார். கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் வெள்ளிப்பூண் தடியுமாக அவர் நடந்து வந்தால் மலையே எழுந்து நிற்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து மூன்றாம் பிறை. பேச்சு நல்லபடியாக முடிந்ததும் உன் அப்பாவால் வாயை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை, "சம்பந்தி, நல்ல காரியம் பேசின கையோட பொறையப் பாத்துட்டுப் போங்க" என்று பின்னால் கூட்டிப்போய்விட்டார். குனிந்து பார்க்க வேண்டும் என்றதும் கங்காணி அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். தொரைக்கே குனியாத முதுகு, கொழாய்க்கா குனியும் என்று கேட்டுவிட்டு, விறைப்பாக முழங்கால் மடித்து உட்கார்ந்து நேராகவே பார்த்தார். பார்த்த மனுசன் முகம் இருண்டுவிட்டது. பிறை கவிழ்ந்து கிடக்கிறதாம், கொட்டிக் கவிழ்ந்த பிறையைக் காட்டுகிற வீட்டில் பெண் எடுக்க மாட்டாராம்.

அண்ணே, கண்ணாடி அப்படித்தான் காட்டும், தலையை நிமிர்த்தி வானத்தைப் பாருங்கள் என்று நான் கெஞ்சினேன். வானத்தில் பிறை கிண்ணம் போல அழகாக, நேராக இருந்தது. அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு, "வெறுங்கண்ணுல தெரியிறதத்தான் நம்பணும்னா இம்புட்டுப் பெரிய கொழாய் எதுக்கு?" என்று கேட்டார். காப்பியைத் தொடாமல் பஸ் ஏறிவிட்டார். லெட்சுமி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் உன்னைத் திட்டி எழுதக் கடுதாசி எடுத்தபோது, "அண்ணன் ஆசையா அனுப்புனாங்க, ஒண்ணும் எழுதாதீங்கம்மா" என்று பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

சரி, படம் எடுத்து அனுப்பினால் நம்புவார் என்று கடைத்தெருவில் படம் பிடிக்கிற ஹுசைன் நானாவை அழைத்து வந்தோம். அவர் கேமராவைக் கண்ணாடியோடு வைத்துக் கட்டி, மூச்சு விடாதீங்க என்று எல்லோரையும் அதட்டிப் பிடித்தார். முதல் படத்தில் உன் அப்பாவின் பெருவிரல், அடுத்ததில் வெறும் மேகம், கடைசியில் பிறை பளிச்சென்று விழுந்தது. நேராக ஒட்டிச் சட்டம் போட்டு நோர்வூட்டுக்கு அனுப்பினோம். எப்படித் திருப்பினாலும் திரும்புகிற படம் சாட்சி சொல்லுமா என்று கேட்டு, கங்காணி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதையும் தலைகீழாகச் சுற்றித்தான் அனுப்பியிருந்தார்.

சம்பந்தம் போய்விட்டது என்றே நினைத்தேன் ராசா. இந்தத் திங்கட்கிழமை மறுபடியும் மூன்றாம் பிறை. மழை விட்டிருந்தது, அந்திக் கருக்கலில் கோவா பறிக்கலாம் என்று பின்னால் போனேன். கோவாவின் மேல் ஒரு தலைப்பாகை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் வெள்ளிப்பூண் தடி. கண்ணாடிக்கு முன்னால் ஒரு கறுப்புக் கோட்டின் வால் வானத்தைப் பார்த்து நின்றது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, இருமினேன். கங்காணி நிமிரவில்லை. காலுக்கு நடுவிலிருந்தே, "நேராத்தான் தங்கச்சி இருக்குது, நெறஞ்ச கிண்ணமாட்டம் இருக்குது" என்றார். மகன் சரியாகச் சோறு தின்று ஒரு மாதமாகிறதாம், இவருக்கும் இறங்கவில்லையாம். அப்புறம், "முதுகு புடிச்சிக்கிச்சு, கொஞ்சம் தூக்கி விடுங்க" என்றார். தூக்கி விட்டேன். இரண்டு பேரும் சேற்றில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். யாரிடமும் சொல்வதில்லை என்று முருகன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். நீ கடல் தாண்டி இருப்பதால் உன்னிடம் சொன்னது கணக்கில் வராது. ஊரில் அவர் சொல்லிக்கொள்வது, போன மாதத்துப் பிறைக்குத்தான் கோளாறு, இந்த மாதத்துப் பிறை திருந்திவிட்டது என்று. உன் அப்பாவும் அதை நம்புகிறார்.

தை மாதம் கல்யாணம். தங்கச்சி கையில் பொரி போட அண்ணன் வேண்டும், லீவு கேட்டு எப்படியாவது வந்து சேர். உன்னைப் பார்த்து எத்தனை காலமாயிற்று, எந்தக் கண்ணாடியிலும் நீ தெரிய மாட்டேன் என்கிறாய். நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே போகாதே, மழையில் நனையாதே. முருகன் உன்னை நூறு வயது நன்றாக வைத்திருக்க வேண்டும்.

கம்பளியை மறக்காதே. எல்லாவற்றையும் நேராகக் காட்டுகிற கண்ணாடியும் உண்டு என்று ஹுசைன் நானா சொன்னார், இதைப் படித்ததும் நீ அதை வாங்கி அனுப்ப நினைப்பாய். வேண்டாம் மகனே. சம்பந்தி இப்போதுதான் குனியப் பழகியிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா
சோ. சண்முகவடிவு